மயூரதனின் பக்கம்

“நான் நீங்களாய் மாற வேணுமெண்டால் எனக்கு என்னென்ன தெரிஞ்சிருக்க வேணும், தங்கச்சி?”

உதயகலாவிடம் இப்படியொரு கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டவள் ஹன்னா, யாழ்ப்பாணத்திலிருந்து பயிற்சி நடத்த வந்தவள். கேட்ட நேரத்தில் உதயகலாவின் இரண்டு கைகளும் தேத்தண்ணித் தட்டைப் பிடித்திருந்தன. பண்டத்தரிப்புக்குக் கிட்டவிருந்த அந்த வாசிகசாலையின் நிருவாக சபை முழுவதும் கதிரைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தது. பத்திரிகை அடுக்குவது, தூசி தட்டுவது, பழைய புத்தகங்களை ஸ்கான் எடுப்பது என்று அங்கே வேலைக்கு வந்து சில வருடங்களாகியும் சபையில் பாதிப்பேர் அவளுடைய குரலைக் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டதே இந்த வாய் திறக்காத குணத்தால்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது முழுப்பொய்யும் இல்லை.

“அவ கதைக்கமாட்டா, மிஸ்,” என்றார் தலைவர் நமசிவாயம் மாஸ்டர். “என்னைக் கேளுங்கோ. நீங்கள் நானாய் மாறிறதெண்டால் என்ரை முழங்கால் வருத்தத்தையும் சேத்துக் கொண்டு போகவேணும்.”

“அப்பிடியே மனிசியையும் குடுத்து விடுங்கோவன், மாஸ்டர்,” என்றார் பொருளாளர் கனிசியஸ்.

“குடுத்தால் மிஸ் அடுத்த பஸ்ஸிலை திருப்பி அனுப்பிப்போடுவா.”

சபை சிரித்தது. உதயகலா தட்டை மேசையில் வைத்துவிட்டு யன்னலோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஹன்னா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு பலகையில் எழுதினாள்: முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம். “இவ்வளவும் காணும். பிறப்புப் பதிவின்ரை பிரதியொண்டு எடுக்கலாம். அதைக் கொண்டுபோய் ‘என்ரை அடையாள அட்டை துலைஞ்சு போச்சு’ எண்டு புதுசு எடுக்கலாம். அதுக்குப் பிறகு நமசிவாயம் மாஸ்டர் நான்தான். தான் ஆர் எண்டு அவர்தான் அலைஞ்சு திரிஞ்சு நிரூபிக்க வேணும்.”

இந்தப் பயிற்சி வந்த கதை இதுதான். வாசிகசாலைக்கு மாடி கட்ட லண்டனில் இருக்கிற ஊர்ச்சங்கம் காசு தருகிறது. ஆனால் நிருவாக சபையை எப்படி நடத்துவது, மற்றவர்களின் சொந்த விபரங்களை எப்படிக் காப்பது என்று பயிற்சி எடுத்த சபைக்குத்தான் தருவோம் என்று ஒரு நிபந்தனை. ஆகவே எல்லாரும் மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு வந்து குந்தியிருந்தார்கள்.

“இப்ப சொல்லுங்கோ, இந்த விபரமெல்லாம் உங்கடை வாசிகசாலையிலை எங்கையெங்கை இருக்கு?”

“அங்கத்தவர் பதிவு மட்டும்தான். அலுமாரியிலை பூட்டிக் கிடக்கு. திறப்பு என்ரை இடுப்பிலை,” என்றார் மாஸ்டர்.

“வேறை?”

“வேறை ஒண்டும் இல்லை.”

“கல்வெட்டுகளிலை இருக்குமே,” என்றார் கனிசியஸ், பகிடியாக.

ஊரில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வருகிற சனத்துக்குச் சாப்பாட்டோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்பார்கள். செத்தவரின் படம், தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. எந்த மகன் எந்த ஊரில், யாரைக் கட்டி, எத்தனை பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் என்று ஒன்றும் விடாமல் அதில் இருக்கும். விட்டால் சண்டை வரும்.

“அதையெல்லாம் நாங்கள் இணையத்தளத்திலை போட்டிருக்கிறம், மிஸ்,” என்றார் மாஸ்டர் பெருமையோடு. “ஊரிலை செத்த ஒருத்தரையும் விடேல்லை. கனடாவிலை இருக்கிற பேரப்பிள்ளை இருந்த இடத்திலை இருந்து பாக்கலாம். ஸ்கான் எடுக்கிறது இந்தப் பிள்ளைதான்.”

ஹன்னா கையிலிருந்த பேனையை மூடினாள். “மாஸ்டர், அதை உடனை எடுக்க வேணும்.”

“என்னத்துக்கு? செத்தவனாய் மாறி ஆரேன் என்ன செய்யப் போறான்?”

“செத்தவை மட்டுமோ அதிலை இருக்கினம்? பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள் எல்லாரும் உயிரோடைதானே இருக்கினம்.”

மாஸ்டர், இணையத்தளத்தின் கடவுச்சொல் லண்டனில் நவரட்ணத்தாரிடம் இருப்பதாகவும், அவரிடம் கேட்காமல் ஒரு எழுத்தையும் எடுக்க முடியாதென்றும், கோயில் திருவிழா முடிந்தபிறகு வருகிற கூட்டத்தில் இதைக் கட்டாயம் எடுத்துப் பேசுவதாகவும் சொன்னார். கூட்டக் குறிப்பிலும் அப்படியே ஏறியது.

கடைசியில் ஹன்னா கொண்டுவந்த வரவுத்தாள் கதிரை கதிரையாய்ச் சுற்றியது. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம். தன்னை வேலைக்கு வைத்திருக்கிற கந்தோர் கேட்கிறது, தான் என்ன செய்ய என்றாள் அவள், முகத்தைச் சுழித்து. எல்லாரும் வடிவாக நிரப்பிக் கொடுத்தார்கள். பயிற்சி சிறப்பாக நடந்தது என்று அன்று பின்னேரமே கனிசியஸ் அந்தத் தாளையும் படமெடுத்து வாசிகசாலையின் முகநூல் பக்கத்தில் போட்டார். லண்டனிலிருந்து நிறைய விருப்பங்கள் விழுந்தன.

உதயகலா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும்போது ஒரேயொரு பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் கல்வெட்டில் அண்ணனுக்கென்று இருந்த பக்கம்.

அண்ணன் மயூரதன் இரண்டாயிரத்து ஏழில் ரியூசனுக்குப் போவதாகச் சைக்கிளில் போனவன். சைக்கிள் மட்டும் சந்தியில் ஒரு மதிலோடு சாத்திக் கிடந்தது. அப்போது உதயகலாவுக்கு ஐந்து வயது. அவளுக்கு அண்ணன் என்றால் கழுத்துச் சவர்க்கார வாசமும் சைக்கிளின் முன்தண்டில் தன்னை ஏற்றிக்கொண்டு போகிறபோது காதுக்குள் ஊதுகிற சீட்டியும்தான். அம்மா பாலேஸ்வரிக்கு அவன் ஒரு இலக்கமாகவும் ஆகியிருந்தான். ஆணைக்குழுக்களின் முன்னால், காணாமல் போனவர்களுக்காகத் தாய்மார் குந்தியிருந்த வீதியோரக் கொட்டில்களில், கமராக்களுக்கு முன்னால் அவள் சொல்லிச் சொல்லி, அவனுடைய அடையாள அட்டை இலக்கம் தேவாரம் போல அவளுக்குப் பாடம். பெயரைச் சொன்னால் மூச்சு விடாமல் அதையும் சொல்லுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தபோது கல்வெட்டில் மகனுக்கு ஒரு முழுப்பக்கம் வேண்டும் என்று அம்மா நின்றாள். மாமா மறித்துப் பார்த்தார்.

“அக்கா, இது அத்தானின்ரை கல்வெட்டு. உதுக்குள்ளை பெடியனைத் தனிப்பக்கமாய்ப் போட்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்?”

“நினைக்கட்டும். உந்தப் புத்தகம் ஆற்றை கையிலையும் போகும். அவனைக் கண்டவை ஆரும் இருந்தால் சொல்லுவினம்.”

ஒன்றும் மிச்சம் விடவில்லை. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் பிறந்த திகதி, நேரம், நட்சத்திரம், படித்த பள்ளிக்கூடம், அடையாள அட்டை இலக்கம், புருவத்துத் தழும்பு. சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து இடது புருவம் பிளந்து, அதில் பிறகு மயிர் முளைக்கவில்லை. அந்தக் கல்வெட்டு இணையத்தில் ஏறவேண்டும் என்று வாசிகசாலைக்கு நடந்து போய்க் கேட்டதும் அம்மாதான். “உலகத்திலை எங்கை இருந்தாலும் அவன் தட்டிப் பாத்தால் காணட்டும், மாஸ்டர். அப்பா செத்துப் போனார் எண்டாவது தெரியட்டும்.”

அதில் ஒரேயொரு பிழை. அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கிறவர் புத்தகத்துக்கு வெளியே பார்க்கக்கூடாது, உள்ளே பார்க்க வேண்டும். அண்ணனின் படத்தில் முகம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருந்ததால் அச்சகத்துப் பெடியன் கொம்பியூட்டரில் அதைப் புரட்டிப் போட்டுவிட்டான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் இடம் வலம் மாறின. சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டது. தழும்பும் வலது புருவத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் எழுதியிருந்ததோ ‘புருவத்தில் தழும்பு’ என்று மட்டும்தான். எந்தப் புருவம் என்று இல்லை. புத்தகம் வந்த அன்றே உதயகலா அதைக் கண்டு அம்மாவுக்குக் காட்டினாள். “ஓம், மாறித்தான் கிடக்கு,” என்றாள் அம்மா. “இனி என்ன செய்யிறது? முகம் முகம்தானே.”

பயிற்சி முடிந்த அடுத்த கிழமை கிராம அலுவலரான விதானையார் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டார்.

“அக்கா, ரவுணிலை ஒரு கந்தோருக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கினம். மகன்ரை விசயம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“என்னவாம்?”

“எனக்குத் தெரியாது, அக்கா. ஆனால் இந்தமுறை வேறை மாதிரி.”

அவர் போனபிறகும் அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கந்தோரில் இருந்த அலுவலர் களைத்த முகமுள்ள மனிதர். காணாமல் போனவர்களின் கோப்புகள் அவருக்குப் பின்னால் அலுமாரி நிறைய இருந்தன. ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். அந்த மரியாதையே உதயகலாவைப் பயப்படுத்தியது.

“அம்மா, பேருகளை மற்றப் பதிவுகளோடை வைச்சு ஒத்துப் பாக்கிறம். அதிலை உங்கடை மகன்ரை பேர் வந்திருக்கு. போன வருசம் அடையாள அட்டை துலைஞ்சு போச்செண்டு சொல்லிப் புதுசு எடுத்திருக்கிறார். பிறகு பாஸ்போட்டும் எடுத்திருக்கிறார். மாசியிலை நாட்டை விட்டு வெளிக்கிட்டிட்டார்.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். “நான் சொன்னனான்தானே,” என்றாள் பிறகு. “கலா, நான் சொன்னனான்தானே.”

“பாஸ்போட்டுக்குக் குடுத்த படம் இஞ்சை கிடக்கு. பாத்துச் சொல்லுங்கோ.” அலுவலர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

முப்பது வயது தாண்டிய ஒருவன் அங்கிருந்து பார்த்தான். மெலிந்த முகம், ஒட்டிய காது, நேரான மூக்கு. யாரோ ஒருவன். அண்ணனின் காதுகள் விரிந்து நிற்பவை. அதற்காகவே பள்ளிக்கூடத்தில் பட்டம் வைத்திருந்தார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். ஆனால் புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. மயிரில்லாத, கத்தி பிடித்து வழித்தது போன்ற நேரான கோடு. வலது புருவத்தில்.

இந்த உலகத்தில் அண்ணனுக்கு வலது புருவத்தில் தழும்பு இருந்தது ஒரேயொரு இடத்தில்தான்.

“இது உங்கடை மகன்தானோ, அம்மா?”

அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு போனாள். விரலால் அந்தப் புருவத்தைத் தொட்டாள். கண்ணாடியில் விரல் அடையாளம் பதிந்தது.

“ஓம்,” என்றாள். “மெலிஞ்சு போனான்.”

“தங்கச்சி, நீங்கள்?”

பள்ளிக்கூடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் நிற்பதுபோல உதயகலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலுவலர் பார்த்தார், பார்த்துவிட்டு அவசரப்படுத்தவில்லை. “ஒரு கிழமை எடுங்கோ. யோசிச்சு வாங்கோ. இவர்தான் எண்டு அம்மா கையெழுத்து வைச்சு, வீட்டிலை இன்னொருத்தரும் வைச்சால் கோப்பை மூடுவம். பிறகு தேடிறதுக்கு ஒண்டும் இல்லை. இவர் இல்லையெண்டால், ஆரோ உங்கடை பிள்ளையின்ரை பேரை எடுத்திட்டான் எண்டு முறைப்பாடு வைக்க வேணும். அதையும் நீங்கள்தான் வைக்க வேணும், அம்மா. வேறை ஆர் வைச்சாலும் எடுபடாது.”

வருகிற வழியில் அம்மா பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அடுத்தநாள் பிள்ளையார் கோயிலில் பொங்கினாள். பக்கத்து வீட்டுக்குப் பொங்கலோடு போய், மகன் வெளிநாடு போய்விட்டான், அரசாங்கமே சொல்லிவிட்டது என்றாள். பக்கத்து வீட்டு றோஸ் அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஊருக்குள் கதை பரவியது. சந்திக் கடையில் உதயகலாவை மறித்து, “மெய்யே பிள்ளை, கொண்ணை எந்த நாட்டிலை?” என்று கேட்டார்கள். “காசு அனுப்பத் தொடங்கிட்டாரோ?” என்று ஒருவன் கேட்டான். அவள் பாணை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று வாசிகசாலையில் ஒருவருமில்லாத நேரம் அவள் அந்தக் கல்வெட்டைத் திறந்து, அண்ணனின் பக்கத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தாள். பயிற்சியில் ஹன்னா பலகையில் எழுதியது அத்தனையும் அதில் ஒழுங்காக இருந்தது. அண்ணனுக்கு இல்லாத ஒன்றும் கூடவே இருந்தது, வலது புருவத்துத் தழும்பு.

ஹன்னாவின் இலக்கத்துக்குப் போன் எடுத்துவிட்டுக் கதைக்க முடியாமல் வைத்துவிட்டாள். பிறகு குறுஞ்செய்தி எழுதினாள், எழுதியதை அழித்தாள், திரும்ப எழுதி அனுப்பினாள். ஹன்னா உடனே அழைத்தாள்.

“தங்கச்சி, அம்மா கையெழுத்து வைக்க முந்தி முறைப்பாடு போக வேணும். அந்தக் கல்வெட்டு உங்கடை தளத்திலைதான் கிடந்தது எண்டு வாசிகசாலை ஒரு கடிதம் தந்தால் நல்லது. மாஸ்டரைக் கேளுங்கோ. நீங்கள் கதைப்பியளோ, நான் கதைக்கட்டோ?”

“நான்,” என்றாள் உதயகலா. அதற்குமேல் வரவில்லை.

நமசிவாயம் மாஸ்டரின் மேசைக்கு மேலே பயிற்சிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் புதிதாகத் தொங்கியது. சொந்த விபரங்களைப் பாதுகாப்பதில் சபை தேர்ச்சி பெற்றதாக அதில் எழுதியிருந்தது. அவள் வார்த்தை வார்த்தையாகச் சொல்லி முடிக்கும்வரை அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, நீ சொல்லுறது சரியாய் இருக்கலாம். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நாங்கள் அப்பிடி எழுதித் தந்தால் என்ன அர்த்தம்? எங்களாலைதான் களவு போனதெண்டு நாங்களே எழுதித் தாறம். லண்டன்காரர் மாடிக்குக் காசு தருவினமோ?”

“அந்தப் பக்கத்தையாவது எடுங்கோவன், மாஸ்டர்.”

“நவரட்ணத்தாருக்குப் போன் எடுத்துக் கேட்டனான். அவற்றை தாயின்ரை கல்வெட்டும் அதிலைதானே கிடக்கு. ஒண்டை எடுத்தால் எல்லாத்தையும் எடுக்க வேணும், தொடாதையுங்கோ எண்டு போட்டார்.” மாஸ்டர் குரலைத் தணித்தார். “மற்றது, பிள்ளை, கொம்மா சந்தோசமாய் இருக்கிறா. எத்தினை வருசத்துக்குப் பிறகு அந்த முகத்திலை ஒரு சிரிப்பு. உனக்கேன் இந்த வேலை?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது அவரைத் தூக்கி வாகனத்தில் ஏற்றியவர்களில் ஒருவர். அதனால்தான் அவள் மேற்கொண்டு வாதாடாமல் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி நிலத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் அண்ணனின் மெய்யான படம் தொங்கியது. சட்டைப்பை இடப்பக்கம், தழும்பு இடது புருவத்தில். ஒவ்வொரு நாளும் காலமை ஈரத்துணியால் அம்மா அதைத் துடைப்பாள். பொட்டோ பூவோ வைக்கமாட்டாள், வைக்க விடவும் மாட்டாள்.

உதயகலா அந்தப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தாள்.

“தெரியும்,” என்றாள் அம்மா, நிமிராமலே.

“அம்மா…”

“நான் பெத்த பிள்ளையின்ரை முகம் எனக்குத் தெரியாதோ? உதைக் காட்டித்தான் எனக்கு விளங்க வைக்க வேணுமோ?”

“அப்ப ஏன் ஓம் எண்டனியள்?”

அம்மா துருவியதை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “கலா, இவ்வளவு காலமாய் எந்தக் கந்தோருக்குப் போனாலும் கடைசியிலை என்னட்டைக் கேக்கிறது ஒண்டுதான். மரணப் பதிவு எடுக்கிறியளோ அம்மா, எடுத்தால் நட்டஈடு வரும். நான் மாட்டன் எண்டுவன். திரும்பவும் கேப்பினம். கொப்பரும் சாகுமுன்னம் கேட்டார், எடுத்துவிடு பாலேசு, களைச்சுப் போனன் எண்டு. இப்பதான் முதன்முதலாய் அவங்கடை வாயாலை வந்திருக்கு, அவன் இருக்கிறான் எண்டு. அவங்கடை கடதாசியிலை. இனி ஒருத்தரும் அவனைச் செத்தவன் எண்டு எழுதித் தா எண்டு என்னட்டைக் கேக்கேலாது.”

“அது ஆரோ ஒரு கள்ளன், அம்மா.”

“கள்ளனோ, என்னவோ. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. அந்தப் பேரோடை எங்கையோ போய்ச் சாப்பிடுறான், படுக்கிறான். இருக்கட்டும்.”

உதயகலாவுக்கு அவ்வளவு நாளும் மனதில் கிடந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது. “அண்ணை வந்தால்? அவன்ரை பேரை ஆருக்கோ குடுத்திட்டால், அவன் வரேக்கை என்ன பேரிலை வருவான், அம்மா?”

தேங்காய் துருவிய கை நின்றது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டு வந்த குழந்தையைப் பார்க்கிற பார்வை.

“நீ இன்னும் அப்பிடி நினைச்சுக்கொண்டே இருக்கிறாய்?”

கேட்டுவிட்டு மீண்டும் துருவத் தொடங்கினாள். சிரட்டை தெரிந்தபிறகும் துருவிக்கொண்டிருந்தாள்.

அத்தனை கொட்டில்களிலும் அத்தனை கமராக்களுக்கு முன்னாலும் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நெஞ்சில் அடித்துச் சொன்ன அம்மா எப்போது அந்த நம்பிக்கையைக் கைவிட்டாள் என்று உதயகலாவுக்குத் தெரியவில்லை. ஒருவேளை அப்பாவோடு சேர்த்து எரித்திருக்கலாம். ஒருவேளை அதற்கும் முந்தியே. உதயகலா அண்ணனைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை; சொல்லாததால் தனக்கும் நம்பிக்கை இல்லையென்றே நினைத்திருந்தாள். இந்த வீட்டில் அவன் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். சரிந்து தொங்கியது. நேராக்கினாள்.

கிழமை முடிந்தது. அம்மா கல்யாணவீட்டுக்குக் கட்டுகிற மண்ணிறச் சேலையைக் கட்டினாள். பஸ்ஸில் ஏறும்போது நடத்துநர், “அம்மா இண்டைக்கு ஒரு பவிசாய் வெளிக்கிட்டிருக்கிறியள்,” என்றான். “மகன்ரை அலுவல், தம்பி,” என்றாள் அம்மா.

கந்தோரில் அதே அலுவலர். கடதாசியை வாசித்துக் காட்டினார். மேலே காணும் படத்திலுள்ளவர் எனது மகன் என்பதை உறுதிப்படுத்துகிறேன். இது தொடர்பில் எனக்கு மேலும் கோரிக்கை இல்லை. அம்மா தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். கையெழுத்து வைத்தாள்.

“இனித் தங்கச்சி.” அலுவலர் பேனையைத் திருப்பி நீட்டினார். “படத்தை வடிவாய்ப் பாத்திட்டு வையுங்கோ.”

அந்தப் படத்தை இப்போது தாளிலும் ஒட்டியிருந்தார்கள். வழித்த புருவத்தோடு அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ஊரானோ. யாரிடம் காசு கொடுத்து இந்தப் பெயரை வாங்கினானோ. அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ. உதயகலா பேனையை வாங்கினாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகலா தாளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“இது என்ரை அண்ணை இல்லை.”

அறையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த பெண்ணும் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். உதயகலாவின் குரல் அவ்வளவு பெரிதாகவா வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“உண்மையாவோ, தங்கச்சி?”

“அவனுக்குத் தழும்பு இடது பக்கம். கல்வெட்டிலை படத்தைப் புரட்டிப் போட்டவை. அதைப் பாத்துத்தான் வழிச்சிருக்கினம்.” பேனையை மேசையில் வைத்தாள். “இல்லை.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி, மூக்கின் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டார். பிறகு, கோபமில்லாமல், பாடம் சொல்வது போலச் சொன்னார்:

“அம்மா ஓம் எண்டு வைச்சாச்சு. நீங்கள் இல்லை எண்டுறியள். அப்ப என்னாலை இதை மூடவும் ஏலாது, திறக்கவும் ஏலாது. பிணக்கு எண்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவன். அங்கை இப்பிடி நிறையக் கிடக்கு. முறைப்பாடும் எடுக்கமாட்டாங்கள், தாய் ஓம் எண்ட பிறகு. அந்த ஆள் அந்தப் பேரோடைதான் இருப்பான். உங்கடை அண்ணை…” நிறுத்தினார். “உங்கடை அண்ணை, பதிவின்படி, இருக்கிறாரோ இல்லையோ எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது. விளங்குதோ?”

“விளங்குது,” என்றாள் உதயகலா.

அவர் தாளின் மேல்மூலையில் சிவப்புப் பேனையால் ஏதோ எழுதி, கோப்பைக் கட்டி, பின்னால் எட்டி அலுமாரியின் மேல்தட்டில், ஏற்கெனவே சரிந்து கிடந்த ஒரு கட்டின் மேல் வைத்தார்.

“அம்மா,” என்றாள் உதயகலா.

பாலேஸ்வரி மேசையிலிருந்த தன்னுடைய அடையாள அட்டையை எடுத்தாள். அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பணப்பைக்குள் வைத்து, கதிரையின் முதுகில் கொழுவியிருந்த குடையை எடுத்துக்கொண்டு, மகளைத் தாண்டி, திறந்து கிடந்த கதவால் வெளியே போனாள்.